கோபக்காரர் உள்ள வீட்டில் பிள்ளைகள் யாரைப் பார்க்கிறார்கள்?

கடந்த மாசி மாதத்தில் ஒரு காலை. பாடசாலை பஸ் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன. எனது மூன்று வயது மகள் பனிச் சப்பாத்துகளைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தாள். பக்கத்தில் நின்ற ஏழு வயது அண்ணன் திடீரென்று கையை ஓங்கிக்கொண்டு, "எத்தினை தரம் சொல்லுறது உனக்கு? காது கேக்காதோ?" என்று கத்தினான்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் தடுமாறுகிற பிள்ளை, இந்த வசனத்தை மட்டும் ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னான். குரலின் ஏற்றம், கடைசிச் சொல்லின் இழுவை, ஓங்கிய கை எல்லாமே எங்களுடன் வசிக்கும் என் அப்பாவினுடையவை.

மகள் அழவில்லை. மறுமொழியும் சொல்லவில்லை. கண்களை இறுக மூடி, தோள்களைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அதை எங்கே பழகினாள் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அப்பா சத்தம் போடும்போது நான் அப்படித்தான் நிற்பேன். என் அம்மா இருந்த காலத்தில் அவரும் அப்படித்தான் நின்றார்.

அன்றுவரை, அப்பாவின் கோபத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்றுதான் நான் கவலைப்பட்டிருந்தேன். அதே நேரத்தில் அவர்கள் என்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினைந்து வருடங்களாகத் தாதியாக வேலை செய்கிறேன். மறதி நோயால் அவதிப்படும் முதியவர் ஒருவர் என்மீது தேநீர்க் கோப்பையை எறிந்தாலும் நிதானம் தவறாமல் கதைக்க எனக்குத் தெரியும். வேலையிடத்தில் தெரிந்த அந்த விஷயம் என் வீட்டு வாசலுக்குள் வந்ததும் எங்கே போனது என்று அன்று பகல் முழுவதும் யோசித்தேன்.

எம்மவர் வீடுகளில் ஒரு முன்கோபக்காரராவது இருப்பது புதுமையல்ல. அது அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த மாமியாராக இருக்கலாம், வார இறுதியில் வந்துபோகும் சித்தப்பாவாக இருக்கலாம். "கோபம் வந்தாலும் மனசில ஒண்டுமில்லை, நல்ல மனிசன்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். பல சமயங்களில் அது உண்மையும்கூட. ஆனால் "மனசில ஒண்டுமில்லை" என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது இரண்டு மனிதர்கள்: சத்தம் போடுபவர் ஒருவர், அதை எதிர்கொள்பவர் மற்றவர். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது மனிதரைப் பற்றியது.

பொம்மை சொல்லித்தந்த பாடம்

பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்பது எங்கள் ஆச்சிமாருக்கே தெரிந்த விஷயம். அதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்களில் முக்கியமானவர் அல்பேட் பண்டூரா. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், மண்டேர் என்ற சிற்றூரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றி, 2021ஆம் ஆண்டு காலமானார்.

1961ஆம் ஆண்டு வெளியான அவரது ஆய்வில், அப்பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் படித்த 72 பிள்ளைகள் பங்குபற்றினர். எல்லோரும் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களை 24 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதலாவது குழுவின் முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையொன்றை அடித்து, உதைத்து, திட்டினார். இரண்டாவது குழுவின் முன்னால் நின்ற பெரியவர் அந்தப் பொம்மையைத் திரும்பியும் பார்க்காமல், தன்பாட்டில் அமைதியாக விளையாட்டுச் சாமான்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது குழு எவரையும் பார்க்கவில்லை. பின்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டுமென்றே சிறிது எரிச்சலூட்டினார்கள். ஆசையான விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, விளையாடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பொம்மை உள்ள அறையில் விட்டுக் கவனித்தார்கள்.

அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள். பெரியவர் சொன்ன அதே சொற்களையும் சொன்னார்கள். இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அமைதியானவரைப் பார்த்த பிள்ளைகளின் கதையும் அதே அளவு முக்கியமானது. அவர்களிடம் அடிதடி மிகக் குறைவாகவே இருந்தது. சில அளவீடுகளில், எவரையும் பார்க்காத மூன்றாவது குழுவினரைவிடவும் அவர்கள் சாந்தமாக விளையாடினார்கள். கோபம் தொற்றுவதுபோல நிதானமும் தொற்றும் என்பதுதான் இதன் பொருள்.

தங்களிடம் கோபப்படாவிட்டாலும் பிள்ளைகள் கவனிக்கிறார்களா? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான பெற்றி ரெப்பச்சோலி, அன்ட்ரூ மெல்ற்சொஃப் இருவரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதில் பங்குபற்றிய குழந்தைகளுக்குப் பதினெட்டு மாதங்களே. ஒரு பெரியவர் ஒரு பொருளை வைத்து ஏதோ செய்து காட்ட, இன்னொரு பெரியவர் அவர்மேல் எரிந்து விழுந்தார். குழந்தையை எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கோபக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பல குழந்தைகள் அந்தப் பொருளைத் தொடத் தயங்கின. அவர் அறையைவிட்டுப் போனால், அல்லது மறுபக்கம் திரும்பினால், தொட்டு விளையாடின. இன்னும் சரளமாகப் பேசத் தொடங்காத குழந்தைக்கே யாருடைய முகத்தைப் பார்த்து நடக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

நித்திரையில் இருக்கும் குழந்தையும் தப்புவதில்லை. ஒறிகன் பல்கலைக்கழகத்தில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு இடைப்பட்ட 20 குழந்தைகளின் மூளையை, அவர்கள் தூங்கும்போது ஸ்கான் செய்து பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீடுகளிலிருந்து வந்த குழந்தைகளின் மூளையில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய சில பகுதிகள் கோபமான குரலைக் கேட்டதும் கூடுதலாக இயங்கின. "பிள்ளை படுத்திட்டுது, இனிக் கதைப்பம்" என்று நாம் நினைப்பது எவ்வளவு தூரம் சரி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அமைதி என்றால் வாய்மூடி இருப்பதா?

"நான் ஒண்டும் கதைக்கிறேல்லை. அவர் கத்திப்போட்டுப் போகட்டும் எண்டு விட்டிடுவன்" என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் பொறுமை என்று நினைத்திருந்தேன். வாசலில் கண்ணை மூடிக்கொண்டிருந்த என் மகளைக் கண்டபின், அந்தப் பொறுமை ஒரு பெண்பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நாளைக்குப் பாடசாலையிலோ, வேலையிடத்திலோ, கட்டிய வீட்டிலோ ஒருவர் குரலை உயர்த்தினால், இவள் அங்கேயும் கண்ணை மூடிக்கொள்வாளா?

எதிர்த்துக் கத்துவது ஒரு வழி. உறைந்துபோய் நிற்பது இன்னொரு வழி. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று நாட்கள் கதைக்காமல் இருப்பது. எங்கள் வீடுகளில் இது மிகவும் பிரசித்தம். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கமிங்ஸ் என்ற உளவியலாளர், வீட்டுச் சண்டைகள் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று பல வருடங்களாக ஆராய்ந்தவர். கதைக்காமல் இருக்கும் சண்டையும் பிள்ளைகளுக்கு விளங்குகிறது, அவர்களை வருத்துகிறது என்று அவரது ஆய்வுகள் காட்டின. நம்பிக்கை தரும் இன்னொன்றையும் அவை காட்டின. சண்டை எப்படி முடிகிறது என்பதைப் பிள்ளைகள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் அதைக் கதைத்துத் தீர்த்துக்கொள்வதைக் கண்டால், அவர்களுடைய கலக்கம் வெகுவாகக் குறைகிறது.

ஆகவே நிதானம் என்பதை நான் இப்போது இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். குரலை உயர்த்தாமல் இருப்பது, ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்வது. மாணவர்கள் மனனம் செய்யும் திருக்குறளில் "வெகுளாமை" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிட்டு, வீட்டில் வேறொன்றைச் செய்து காட்டினால், அவர்கள் எதைப் பாடமாக்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கோபம் வரும்போது மூளையில் அமிக்டலா என்ற சிறிய பகுதி ஆபத்து மணியை அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நின்று யோசிக்க வைக்கும் வேலை மூளையின் முன்பகுதியுடையது. அந்த முன்பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. எனவே சிறுபிள்ளை ஒன்று தானாகவே தன் கோபத்தை அடக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவரின் நிதானத்தைத்தான் அது கடன் வாங்கவேண்டும்.

கோபப்படுபவருக்கும் இது நல்லதல்ல. மாரடைப்பு வந்த 1,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. கடும் கோபத்துக்குப் பின்வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்வதாக அது கண்டது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நிறைந்த எமது சமூகம் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

இங்கே வீட்டாருக்கு ஒரு வேலை இருக்கிறது. கோபம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வாசலில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் சமையலறைக் கலண்டரில், அப்பா சத்தம் போடும் நேரத்தைச் சிறிதாகக் குறித்துவைத்தேன். இரண்டு கிழமையில் விஷயம் தெரிந்தது. காலையில் பாடசாலை அவசரம் ஒன்று; மாலை ஐந்து மணி இன்னொன்று. ஒரு நாள் ஐந்து மணிக்கு அவரது விரலில் குத்திச் சீனியைப் பார்த்தேன். 3.4 என்று காட்டியது. காலையில் சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு, நாங்கள் எல்லோரும் வேலைக்கும் பாடசாலைக்கும் போனபின், தனியே இருந்து மதியத்தில் இரண்டு பிஸ்கற்றும் தேநீரும் குடித்திருக்கிறார். குடும்ப வைத்தியர் குளிசையை மாற்றிக் கொடுத்தார். நான் மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுவைக்கத் தொடங்கினேன். மாலைச் சத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. பதினைந்து வருடத் தாதி இதை முன்னரே கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நோயாளி என்றால் பார்த்திருப்பேன். அப்பா என்றபடியால் "அவற்றை குணம்" என்று விட்டுவிட்டேன்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சிலவகைக் குளிசைகள் எடுப்பவர்களுக்குச் சீனி 4.0க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, தடுமாற்றத்துடன் எரிச்சலும் கோபமும் வரும். உடனே 15 கிராம் சீனி கொடுக்கவேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அல்லது மூன்றில் இரண்டு பங்கு கோப்பை பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு வாயால் எதையும் கொடுக்காமல் 911ஐ அழையுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. காது மந்தமானவர்கள் தாங்கள் கத்துவதை அறியார்கள். மூட்டு வலி, தைரொயிட் கோளாறு, இரவு வேலையால் நித்திரையின்மை, குடிப்பழக்கம் எல்லாம் பொறுமையைத் தின்னும். குறிப்பாக ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வெளிப்படுவதுண்டு.

எம்மில் பலருக்குப் போரின் வடுவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற காயங்களை ஆவணப்படுத்தி 1998இல் நூலாக வெளியிட்டவர். எளிதில் சினமடைதலும் திடுக்கிடுதலும் இத்தகைய காயத்தின் அறிகுறிகளில் அடங்கும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழையிலும் இருட்டிலும் சனம் நெருக்கியடித்த அந்த வீதியில், "நில்லாதேங்கோ! நடவுங்கோ! கையை விடாதேங்கோ!" என்று அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பிரிந்துபோகாமல் சேர்ந்து நடந்தோம். முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. ஸ்காபரோவில் பாடசாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் அவருக்குள் இன்னும் அதே சத்தம்தான் எழும்புகிறது.

காரணம் தெரிந்தால் கோபம் சரியாகிவிடாது. ஆனால் கோபப்படுபவரை எதிரியாகப் பார்க்காமல் இருக்க அது உதவும். எதிரியல்லாத ஒருவருக்கு நிதானமாக மறுமொழி சொல்வது சுலபம்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

நான் வேலையிடத்தில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்யப் பழகினேன். உங்களுக்கும் உதவக்கூடும்.

1. முதலில் உங்கள் மூச்சு. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. இப்படி மூன்று தரம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு குறையும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்கும் நேரமும் அதுதான்.

2. உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள். இருவரும் நின்றுகொண்டு கதைத்தால் சத்தம் ஏறும். ஒருவர் கதிரையில் இருந்து மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால், மற்றவருக்குக் கத்துவது கஷ்டமாகிவிடும்.

3. ஒரு வசனத்தை முன்கூட்டியே பாடமாக்கி வைத்திருங்கள். கோபத்தின் நடுவில் நல்ல வசனம் வாயில் வராது. என்னுடைய வசனம் இது: "அப்பா, மெதுவாச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்." இதில் மரியாதையும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கும் வசனம் எதுவும் உதவாது.

4. அடங்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள். "இப்ப கதைக்க ஏலாது அப்பா. பிள்ளையளை பஸ்ஸில ஏத்திப்போட்டு வாறன், பிறகு கதைப்பம்." சொன்னபடி பிறகு கட்டாயம் கதைக்கவேண்டும். இல்லாவிட்டால் அது தப்பி ஓடுவதாகிவிடும்.

5. பிள்ளையிடம் தனியே கதையுங்கள். சிறுபிள்ளைகள் வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைப்பார்கள். "அம்மப்பா சத்தம் போட்டவர். உனக்குப் பயமா இருந்ததோ? அது உன்ர பிழையில்லை. அவருக்கு அவசரம் வந்தால் பதட்டமாகும். ஆனாலும் கத்துறது சரியில்லை, நாங்கள் மெதுவாக் கதைக்கப் பழகுவம்." இவ்வளவு போதும். பிள்ளைக்கு முன்னால் அந்தப் பெரியவரைத் தாழ்த்திப் பேசவேண்டாம். பிள்ளை அவரை நேசிக்கிறது. அவரைப் பழித்தால் பிள்ளை இரண்டு பக்கமும் இழுபடும்.

6. கோபக்காரருடன் ஆறுதலான நேரத்தில் கதையுங்கள். சாப்பிட்டு, தேநீர் குடித்து, பிள்ளைகள் படுத்த பின்னர். நான் அப்பாவிடம் வாசலில் நடந்ததை மட்டும் சொன்னேன். குற்றம் சாட்டவில்லை. "தம்பி உங்களை மாதிரியே கத்தினவன் அப்பா. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், என்னை மாதிரி." அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "கொம்மாவும் அப்பிடித்தான் இருந்தவ" என்றார். அவர் அம்மாவைப் பற்றி அப்படிக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாமே நிதானம் இழந்துவிட்டால்?

இழப்போம். பங்குனியில் ஒரு நாள், இரட்டை வேலை முடித்து வந்த களைப்பில், நானே மகனைக் கத்தினேன். அதுவும் அப்பாவின் வசனத்தையே சொல்லித்தான். அவன் முகம் வாடிப்போனது. அரை மணி நேரம் கழித்து அவனருகில் போய் இருந்து, "அம்மா கத்தினது பிழை. களைப்பா இருந்தது, ஆனால் அதுக்காக உன்னைக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளு ராசா" என்றேன்.

பிள்ளையிடம் பெரியவர் மன்னிப்புக் கேட்பது எங்கள் வளர்ப்பில் இல்லாத ஒன்று. மரியாதை போய்விடும் என்று நினைப்போம். ஆனால் பிழை விட்டவர் அதை எப்படிச் சரிசெய்வது என்று பிள்ளை வேறு எங்கே பார்க்கும்? ஒருநாளும் கோபப்படாத பெற்றோராக இருப்பது எவராலும் முடியாது. கோபப்பட்ட பின் திரும்பி வந்து கதைக்கும் பெற்றோராக இருப்பது எல்லோராலும் முடியும். மன்னிப்புக் கேட்கும்போது "நீ அப்பிடிச் செய்தபடியால்தான்" என்று ஒட்டு வைக்காமல் கேளுங்கள்.

நிதானம் போதாத இடம்

இதுவரை சொன்னவை சத்தம் போடும் முன்கோபக்காரர்களைப் பற்றியவை. அடிப்பது, பொருட்களை எறிவது, மிரட்டுவது, வெளியே போகவோ காசைத் தொடவோ விடாமல் தடுப்பது ஆகியவை முன்கோபம் அல்ல, வன்முறை. அங்கே "பொறுமையாக இருங்கள்" என்ற அறிவுரை பொருந்தாது. பிள்ளைகளின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்புமே முதலாவது. உடனடி ஆபத்து என்றால் 911. ஒன்ராறியோச் சட்டப்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் உள்ள எவரும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டும். அயலவரும் உறவினரும் இதில் அடக்கம். "குடும்ப மானம்" என்று மூடிவைப்பதால் எவருக்கும் நன்மை வருவதில்லை.

உதவிக்கு இந்த இலக்கங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். 811: இருபத்து நான்கு மணி நேரமும் தாதி ஒருவருடன் இலவசமாகக் கதைக்கலாம். 211: உங்கள் பகுதியில் உள்ள ஆலோசனை, குடும்ப உதவிச் சேவைகளை அறியலாம். 988: தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும். 1-800-668-6868: பிள்ளைகளும் இளையோரும் தாங்களாகவே அழைக்கக்கூடிய கிட்ஸ் ஹெல்ப் போன் இலக்கம். கோபம் நாளாந்தப் பிரச்சினையாகிவிட்டால், முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் தொடங்கி ஆலோசகரிடம் அனுப்புவது வரை அவரால் செய்யமுடியும்.

இப்போது எங்கள் வீட்டில்

அப்பா மாறிவிட்டாரா என்று கேட்டால், இல்லை என்பதுதான் உண்மை. எழுபத்தாறு வயதில் மனிதர் அப்படிச் சுலபமாக மாறிவிடுவதில்லை. காலையில் இன்னும் சத்தம் போடுகிறார். முன்பைவிடக் குறைவு. சில நாட்களில் தொடங்கிவிட்டு, வாசலில் பிள்ளைகளைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிடுகிறார். அப்படி நிறுத்தும் நாட்களில் நான் அவருக்கு ஒரு தேநீர் கூடுதலாக ஊற்றிக் கொடுக்கிறேன். இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

சென்ற கிழமை மகனும் மகளும் வரவேற்பறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டிய கோபுரத்தை அவள் தட்டிவிட்டாள். "எத்தினை தரம் சொல்லுறது!" என்று அவன் தொடங்கினான். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மகள் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "மெதுவாச் சொல்லு. நான் கேக்கிறன்" என்றாள்.

அவன் இன்னொரு தரம் கத்தினான். பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். பிறகு இருவரும் கோபுரத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள்.

அன்பான பெற்றோரே, உங்கள் வீட்டுக் கோபக்காரரை நாளைக்கே மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றிரவே உங்களுக்கென்று ஒரு வசனத்தைத் தெரிந்தெடுத்துப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.